களிமண் கலந்தும் தீவனத்தில் நச்சு குறையவில்லையே, ஏன்?

14 கறவை மாடுகளும் சுமார் 200 முட்டைக் கோழிகளும் வளர்க்கும் வாசகர் ஒருவர் விரிவாகக் கடிதம் எழுதியிருக்கிறார். அடர்தீவனத்தை அவரே அரைத்து, ஒரு தடவைக்கு 500 கிலோ வீதம் கலந்துகொள்கிறார். மக்காச்சோளம், தவிடு, நான்கில் ஒரு பங்கு கடலைப் புண்ணாக்கு. மழையில் கூரை ஒழுகி, அடுக்கின் அடியில் இருந்த புண்ணாக்கு மூட்டைகள் நனைந்துவிட்டன. பச்சை படர்ந்த கட்டிகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மீதியை வெயிலில் நன்றாகக் காயவைத்துச் சேர்த்திருக்கிறார். சில வாரங்களில் பால் வாங்கும் இடத்தில் பாலைத் திருப்பி அனுப்பினார்கள். பூஞ்சை விடும் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு பாலில் இறங்கும் வடிவமான எம்1, லிட்டருக்கு 0.8 மைக்ரோகிராம். தீவனத்தைச் சோதித்தால், அதன் மூல வடிவமான அஃப்ளடாக்சின் பி1 62 பிபிபி, அதாவது கிலோவுக்கு 62 மைக்ரோகிராம். பெண்டோனைட் களிமண் நச்சை உறிஞ்சிவிடும் என்று கேள்விப்பட்டு, ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்களிடம் ஒரு மூட்டை வாங்கி ஒரு சதவீதம் கலந்தார். கலந்த தீவனத்தை அதே ஆய்வகத்துக்கு அனுப்பினால் 58.

“மண் போலியா? ஐந்து சதவீதமாக ஏற்றலாமா? அடுப்புக்கரியை இடித்துச் சேர்த்தால் வேலை செய்யுமா? மீதிப் புண்ணாக்கைக் கோழிக்குப் போட்டு முடித்துவிடலாமா? திரும்பி வந்த பாலைக் கன்றுகளுக்குக் கொடுக்கலாமா?” என்று கேட்கிறார். மாட்டுக்கு நாளொன்றுக்கு ஆறு கிலோ அடர்தீவனம் வைப்பதாகவும், சராசரியாக ஒன்பது லிட்டர் கறப்பதாகவும் குறிப்பிட்டிருக்கிறார். இந்த இரண்டு எண்களையும் எழுதியது நல்லதாயிற்று. பதிலில் பாதி அவற்றில்தான் இருக்கிறது.

இனி உங்களிடமே பேசுகிறேன். முதலில் அந்த 58. அதை வைத்து மண் நல்லதா கெட்டதா என்று முடிவுகட்ட முடியாது. மூட்டைக்குள் உலர்ந்து கிடக்கும் தீவனத்தில் களிமண் எதையும் உறிஞ்சுவதில்லை. மாட்டின் வயிற்றில் ஈரம் பட்டு, நச்சு தீவனத்திலிருந்து கரைந்து வெளியே வரும்போதுதான் அதன் வேலை தொடங்குகிறது. பெண்டோனைட்டில் இருக்கும் மான்ட்மோரிலோனைட் என்னும் கனிமம் மிக மெல்லிய தகடுகளின் அடுக்கு. அஃப்ளடாக்சின் மூலக்கூறு தட்டையானது. புத்தகத்தின் தாள்களுக்கு நடுவே துண்டுச்சீட்டைச் செருகுவதுபோல அந்தத் தகடுகளுக்கு இடையே நுழைந்து, அங்கிருக்கும் கால்சியம் போன்ற அயனிகளைப் பற்றிக்கொள்கிறது. குடல் அதை உறிஞ்சுவதற்குள் சாணத்தோடு வெளியேறிவிடும். ஆக, தீவனத்திலுள்ள நச்சு தீவனத்திலேயேதான் இருக்கும். ரத்தத்துக்குப் போகும் பங்குதான் குறையும்.

ஆய்வகத்தில் செய்வது இதற்கு நேர்மாறான வேலை. தீவன மாதிரியை மெத்தனால் அல்லது அசிட்டோநைட்ரைல் கலந்த நீரில் குலுக்கி, உள்ளே இருக்கும் நச்சை முடிந்தவரை வெளியே இழுத்துத்தான் அளப்பார்கள். அந்தக் கரைப்பான் களிமண்ணில் ஒட்டியதையும் பெரும்பாலும் பிரித்துவிடும். சில கரைப்பான்களில் சில மண் வகைகள் நச்சை விடாமல் பிடித்துக்கொண்டு, எண் குறைவாக வருவதும் உண்டு. அப்படி வந்திருந்தால் நீங்கள் மண் வேலை செய்கிறது என்று மகிழ்ந்திருப்பீர்கள். அதுவும் தவறாகவே இருந்திருக்கும். டாக்சின் பைண்டர், அதாவது இந்தக் களிமண்போல நச்சைப் பிடிக்கும் பொருள், கலந்த தீவனத்தின் அறிக்கை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதை நம்ப வேண்டாம். மண் சேர்ப்பதற்கு முன் தீவனத்தைச் சோதியுங்கள். சேர்த்த பிறகு பாலைச் சோதியுங்கள். மற்றபடி, 62-க்கும் 58-க்கும் உள்ள வித்தியாசம் மாதிரி எடுப்பதிலேயே வந்துவிடக்கூடியதுதான்.

உங்கள் எண்களைக் கணக்குப் போட்டால்

ஆறு கிலோவில் 62 வீதம் ஒரு மாட்டுக்கு நாளுக்கு 372 மைக்ரோகிராம் பி1 போகிறது. அதில் பொதுவாக ஒன்று முதல் மூன்று சதவீதம் எம்1 ஆக மாறிப் பாலில் இறங்கும். அதிகம் கறக்கும் மாடுகளில் ஆறு சதவீதம் வரைகூடப் போகும். இரண்டு சதவீதம் என்று வைத்தால் 7.4 மைக்ரோகிராம். ஒன்பது லிட்டரில் வகுத்தால் 0.82. உங்களுக்கு வந்ததோ 0.8. பால் சோதனை, தீவனச் சோதனை இரண்டையும் சந்தேகப்பட வேண்டியதில்லை என்பது இதிலேயே தெரிகிறது.

கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத்தர விதித்தொகுப்பு பாலுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பிய ஒன்றியத்தில் அதில் பத்தில் ஒன்று, 0.05. நல்ல பெண்டோனைட்டை மாடு தின்னும் மொத்தத் தீவனத்தின் உலர் எடையில் ஒரு சதவீதத்தை ஒட்டிக் கொடுத்துச் செய்த சோதனைகளில் பாலின் எம்1 பாதியாகவும், சிலவற்றில் மூன்றில் ஒரு பங்காகவும் இறங்கியிருக்கிறது. கால் பங்கு மட்டுமே குறைந்த சோதனைகளும் உண்டு. முழுதாக மறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாதி குறைந்தால் உங்கள் பால் 0.4-இல் நிற்கும், வரம்புக்கு உள்ளே, ஆனால் அடுத்த மூட்டை கொஞ்சம் மோசமாக இருந்தாலே மறுபடி வெளியே. மண்ணை மட்டும் நம்பி 62 பிபிபி தீவனத்தைத் தொடர்வது எனக்குச் சம்மதமில்லை. தீவனத்தையே 20 பிபிபிக்குக் கொண்டுவந்தால் இதே கணக்கில் பால் 0.27, அதோடு மண்ணும் வேலை செய்தால் 0.13-ஐ ஒட்டி வரும். அந்த இடைவெளி இருந்தால்தான் நிம்மதியாகப் பால் ஊற்றலாம்.

கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. நச்சு முழுவதும் புண்ணாக்கிலிருந்து வந்தது என்று கொண்டால், கால் பங்கு புண்ணாக்கு 62 கொடுக்க, அந்தப் புண்ணாக்கில் கிட்டத்தட்ட 250 பிபிபி இருக்க வேண்டும். அதை முடிவில் பார்ப்போம்.

கிணறு தோண்டும் மண் வேண்டாம்

அந்த மூட்டையை இன்றே நிறுத்திவிடுங்கள். போலி என்பதால் அல்ல. அது வேறு வேலைக்கான பொருள். துளையிடும் சேற்றுக்கு மண் நன்றாக ஊதிக் குழகுழப்பாக வேண்டும் என்பதால் சோடா சாம்பலும் பாலிமர்களும் சேர்ப்பதுண்டு. ஈயம், ஆர்செனிக், காட்மியம், டையாக்சின் என்னும் கொடிய நச்சு ஆகியவை எவ்வளவு இருக்கின்றன என்று யாரும் அதில் பார்ப்பதில்லை. ‘இயற்கை மண்தானே’ என்பதற்கு 1997-இல் அமெரிக்காவில் நடந்தது பதில் சொல்லும். கோழிகளிலும் வளர்ப்புக் கெளுத்தி மீன்களிலும் டையாக்சின் தென்பட்டது; தேடிப் போனால், தீவனத்துக்கான சோயா புண்ணாக்கு மாவு கட்டிதட்டாமல் இருக்கச் சேர்த்த, மிசிசிப்பியில் வெட்டியெடுத்த ‘பால் கிளே’ (ball clay) என்னும் களிமண்ணில் போய் நின்றது. அதைத் தீவனத்தில் சேர்ப்பதை அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. அந்த மண்ணில் யாரும் எதையும் கலக்கவில்லை. டையாக்சின் மண்ணோடு மண்ணாகவே இருந்தது.

தண்ணீரில் போட்டு எவ்வளவு ஊதுகிறது என்று பார்த்து மண்ணைத் தேர்ந்தெடுக்கும் பழக்கமும் வேண்டாம். ஊதும் திறன் வேறு, அஃப்ளடாக்சினைப் பிடிக்கும் திறன் வேறு. ஒரே சுரங்கத்தின் இரண்டு அடுக்குகள்கூட இதில் வேறுபடும். விற்பவரிடம் தொகுதி எண் போட்ட சான்று கேளுங்கள். அதில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: ஸ்மெக்டைட் (மான்ட்மோரிலோனைட் சேர்ந்த கனிமக் குடும்பம்) 70 சதவீதத்துக்குக் குறையாதிருப்பது; கன உலோகங்கள், டையாக்சின் ஆகியவற்றின் அளவு; அஃப்ளடாக்சின் பிடிப்புச் சோதனை முடிவு. கடைசியானதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் பெண்டோனைட்டை அனுமதித்தபோது வைத்த அளவுகோல் கைவசம் இருக்கட்டும்: பிஹெச் 5 கரைசலில், லிட்டருக்கு 4 மில்லிகிராம் பி1 வைத்து, 0.02 சதவீதம் மண் மட்டும் போட்டால் 90 சதவீதத்துக்கு மேல் பிடிக்க வேண்டும். நிறைய மண்ணைக் கொட்டிச் சோதித்தால் எந்த மண்ணும் 95 சதவீதம் காட்டும். ‘99 சதவீதம் பிடிக்கும்’ என்று துண்டுப் பிரசுரத்தில் பார்த்தால், எவ்வளவு மண்ணுக்கு எவ்வளவு நச்சு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்க வேண்டாம்.

அளவும் கலக்கும் விதமும்

நீங்கள் கலந்த ஒரு சதவீதம் அடர்தீவனத்தில் ஒரு சதவீதம். அதாவது மாட்டுக்கு 60 கிராம். சோதனைகளில் சொல்லும் ஒரு சதவீதமோ வைக்கோல், பசுந்தீவனம் எல்லாம் சேர்ந்த உலர் எடையில். உங்கள் மாடு நாளுக்கு 12 கிலோ உலர் எடை தின்கிறது என்று கொண்டால் 120 கிராம் வேண்டும்; அடர்தீவனத்தில் அது இரண்டு சதவீதம், 500 கிலோவுக்கு 10 கிலோ. டாக்சின் பைண்டர் போட்டும் பலனில்லை என்று சொல்லப்படும் இடங்களில் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் தவறியிருக்கும். முட்டைக் கோழிக்குத் தீவனமே முழு உணவு என்பதால் இந்தக் குழப்பமில்லை: 100 கிலோவுக்கு அரை கிலோ.

ஐந்து சதவீதம் கூடாது. ஐரோப்பிய அனுமதியில் மொத்தத் தீவனத்துக்கு உச்சமே இரண்டு சதவீதம்தான். மண்ணில் சத்தில்லை, ஏற்ற ஏற்றத் தீவனத்தின் தரம் இறங்கும், மாடும் தீவனத்தைக் கழிக்கும். அதைவிடக் கவலை, மருந்தோடு அது செய்யும் குறுக்கீடு. டைலோசின், டில்மிகோசின் போன்ற மேக்ரோலைடு வகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை வாய்வழி கொடுக்கும் நாட்களில் பெண்டோனைட்டை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் மருந்து வீணாகிவிடும். கோழித்தீவனத்தில் ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்து இருந்தால் அரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ரோபெனிடின் என்ற மருந்தானால் மண்ணே வேண்டாம். கோழித்தீவனப் பையின் சீட்டை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

மண் மாவுபோல இருக்க வேண்டும், 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் அளவுக்கு. பத்து கிலோவை அப்படியே குவியலில் கொட்டினால் ஒரு மாட்டுக்கு அரை கிலோவும் இன்னொன்றுக்கு ஒன்றுமில்லாமலும் போகும். பத்து கிலோ மண்ணோடு பத்து கிலோ காய்ந்த தவிடு. அது நன்றாகக் கலந்ததும் இன்னும் இருபது கிலோ தவிடு. அந்த நாற்பது கிலோவை, அரைத்த மக்காச்சோளம் ஓடிக்கொண்டிருக்கும்போது கலவை இயந்திரத்தில் சிறிது சிறிதாகத் தூவுங்கள். வெல்லப்பாகோ எண்ணெயோ சேர்ப்பதானால் மண் கலந்து முடிந்த பிறகுதான்; முதலில் ஊற்றினால் மண் அதில் ஒட்டி உருண்டையாகிவிடும். நிமிர்ந்த வகை இயந்திரமானால், எல்லாம் போட்ட பிறகு பத்து நிமிடமாவது ஓடட்டும். காய்ந்த மண் தூசியில் சிலிக்கா உண்டு. மூக்கை மூடும் முகக்கவசம் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

சரியாகக் கலந்ததா என்று அறிய நச்சுச் சோதனை வேண்டியதில்லை. வெவ்வேறு மூன்று மூட்டைகளிலிருந்து மாதிரி எடுத்து ‘அமிலத்தில் கரையாத சாம்பல்’ பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணச் சோதனைதான். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் கலவை சரி.

தண்ணீர்த் தொட்டியில் கரைத்து வைக்கும் யோசனை சிலருக்கு வரும். அடியில் சேறாகப் படிந்துவிடும். மேலும் நச்சு உள்ள அதே கவளத்தோடு மண்ணும் வயிற்றுக்குப் போனால்தான் பயன். அஃப்ளடாக்சின் குடலில் மிக வேகமாக உறிஞ்சப்படும் பொருள். காலையில் தீவனமும் மாலையில் மண்ணும் கொடுப்பது வீண் வேலை.

அடுப்புக்கரி, ஜியோலைட், ஈஸ்ட்

அடுப்புக்கரி கிளர்வூட்டிய கரி அல்ல. நீராவியிலோ ரசாயனத்திலோ அதிவெப்பத்தில் பதப்படுத்தி, நுண்துளைகள் திறந்த பிறகுதான் கரிக்கு அந்த உறிஞ்சும் பரப்பு வரும். அடுப்பிலிருந்து அள்ளியதில் அதுவும் குறைவு, சாம்பலின் காரமும் சேர்ந்திருக்கும். உண்மையான கிளர்வூட்டிய கரியும் கண்டதையெல்லாம் பிடிக்கும் குணமுள்ளது. வைட்டமின்களையும் இழுக்கக்கூடும் என்பதால் நாள்தோறும் தீவனத்தில் போடும் பொருளாக அதை நான் சொல்லமாட்டேன். கறவை மாடுகளில் எம்1-ஐக் குறைப்பதிலும் அது பெண்டோனைட்டுக்கு ஈடாக நிற்கவில்லை.

கிளினாப்டிலோலைட் என்னும் இயற்கை ஜியோலைட்டின் துளைகள் அஃப்ளடாக்சின் நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை. வெளிப்பரப்பில் ஒட்டுவதுதான் மிச்சம். அம்மோனியாவைப் பிடிக்க அது நல்ல பொருள், இதற்கு அல்ல.

ஈஸ்ட் செல் சுவர் வேறு வகை. அதிலுள்ள பீட்டா குளுக்கான், ஜியராலினோன் என்ற இன்னொரு பூஞ்சை நச்சை ஓரளவு பிடிக்கும். களிமண்ணால் அது அவ்வளவாக முடியாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மக்காச்சோளத்தில் பியூசேரியம் பூஞ்சை இருந்தால் ஜியராலினோன், டிஆக்சிநிவலினால், ஃபியூமோனிசின் எல்லாம் வரலாம். இவை எதற்கும் பெண்டோனைட் நம்பத்தக்க தீர்வில்லை. பருவத்துக்கு வராத கிடாரிகளின் பிறப்புறுப்பு வீங்கினாலோ, சினைப் பருவம் தாறுமாறானாலோ மக்காச்சோளத்தைத் தனியாக அந்த நச்சுகளுக்குச் சோதிக்க வேண்டும்.

புண்ணாக்கும் பாலும்

காயவைத்ததும் சரியாகிவிட்டது என்று நீங்கள் நினைத்ததில்தான் சிக்கல் தொடங்கியது. வெயில் ஈரத்தை எடுத்துப் பூஞ்சை மேலும் வளராமல் நிறுத்தும். அது ஏற்கெனவே விட்டுப்போன நச்சைப் போக்காது. கொதிநீரின் சூடும் அதை ஒன்றும் செய்யாது. பச்சைக் கட்டியைப் பொறுக்குவதும் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டுமே எடுக்கும்.

ஆனால் 250 பிபிபி முழுவதும் உங்கள் கூரை ஒழுகியதால் வந்தது என்று இப்போதே ஒப்புக்கொள்ளாதீர்கள். நச்சு நிலக்கடலைப் பருப்பிலேயே இருந்திருக்கலாம். எண்ணெய் பிழியும்போது அதில் பெரும்பகுதி எண்ணெய்க்குப் போகாமல் புண்ணாக்கிலேயே தங்கும். நனையாத மேல் மூட்டைகளைத் தனியாகச் சோதியுங்கள். நச்சு ஒரே சீராகப் பரவியிருக்காது. ஒரு கைப்பிடி எடுத்து அனுப்பினால் பத்து வந்தாலும் வரும், ஐந்நூறு வந்தாலும் வரும். எல்லா மூட்டைகளிலும் மேல், நடு, அடி என்று முப்பது இடங்களுக்குக் குறையாமல் எடுத்து, ஐந்து கிலோ சேர்த்து, முழுவதையும் அரைத்து, கலந்து, நான்காகப் பங்கிட்டு எதிரெதிர்ப் பங்குகளை ஒதுக்கிக்கொண்டே வந்து, அரை கிலோ வீதம் மூன்று பொட்டலம் போடுங்கள். சாட்சி வைத்து முத்திரையிட்டு, ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று விற்றவருக்கு, ஒன்று உங்களிடம். நனையாத மூட்டையிலும் அளவு மிகுந்திருந்தால், வாங்கிய ரசீதும் தொகுதி எண்ணும் இந்தப் பொட்டலமும் சேர்ந்து விற்றவரிடம் இழப்பீடு கேட்க உங்களுக்கு நியாயமான அடிப்படை. நனைந்தவை மட்டும் மோசமானால் கேட்பதில் பயனில்லை. நனைந்த சரக்கை வைத்து வழக்காடப் போனால் உங்கள் சேமிப்புதான் கேள்விக்கு வரும்.

முடிவு வரும்வரை புண்ணாக்கை முழுதாக நிறுத்திவிட்டு, சோதித்த சோயா புண்ணாக்கு போன்ற வேறொன்றுக்கு மாறுங்கள். நல்ல தீவனத்தோடு கலந்து அளவைக் குறைத்துத் தீர்த்துவிடலாம் என்று சொல்வார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது சட்டப்படியே கூடாது; உங்கள் ஊர் விதி என்னவென்று கேட்காமல் செய்ய வேண்டாம். அம்மோனியா ஏற்றி நச்சைச் சிதைக்கும் முறை உண்மையிலேயே உண்டு. அது ஆலையில் அடைத்த கலனில் செய்வது, கொட்டகையில் முயன்றால் ஆபத்து.

கோழிக்குப் போட்டு முடிக்கலாமா என்றால், கூடாது. பாலைப்போல முட்டைக்கு நச்சு அவ்வளவாக இறங்காது என்பது உண்மைதான். ஆனால் கோழியின் ஈரல் கெடும், முட்டை குறையும், நோய் எதிர்ப்பு சரிந்து தடுப்பூசி போட்டும் பலன் இல்லாமல் போகும். வாத்து, வான்கோழி இருந்தால் அவை இன்னும் நொய்மையானவை. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் இறந்தபோதுதான் இந்த நச்சே கண்டுபிடிக்கப்பட்டது, அதுவும் கடலைப் புண்ணாக்கில். பச்சை படர்ந்த சரக்கைக் கோழிகள் கிளறாத இடத்தில் குழியில் புதைத்துவிடுங்கள்.

திரும்பிய பாலைக் கன்றுகளுக்கும் வேண்டாம், வீட்டுக் குழந்தைகளுக்கும் வேண்டாம். காய்ச்சினாலும் எம்1 போகாது. பனீராக்கினால் அது பாலின் புரதத்தோடு ஒட்டி இன்னும் செறிவாகும். நல்ல சேதி, மாடு இதிலிருந்து சீக்கிரம் மீளும் என்பது: நச்சுத் தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாட்களில் பாலில் எம்1 பெரும்பாலும் வடிந்துவிடும். தீவனம் மாற்றிய ஐந்தாம் நாள் காலை, மாலைப் பால் இரண்டையும் கலந்து மாதிரி கொடுங்கள். 0.3-க்குக் கீழே வந்தால் ஊற்றத் தொடங்கலாம். அதன்பின் ஒவ்வொரு புது மூட்டைத் தொகுதி திறந்த ஐந்தாம் நாளும் ஒரு சோதனை. கீழே வராவிட்டால் மக்காச்சோளத்தைச் சோதித்து அறிக்கையோடு எழுதுங்கள். சேமிக்கும்போது மக்காச்சோளத்தின் ஈரம் 13 சதவீதத்துக்குள்ளும் புண்ணாக்கின் ஈரம் 10 சதவீதத்துக்குள்ளும் இருக்கட்டும். மூட்டைகளைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள். கூரையை எப்படியும் இந்த வாரமே அடைத்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.